நின்று பார்ப்போர் நெறி

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு வரும் நண்பர்கள் தேயிலைச் சரிவுகளையும், வரையாட்டையும், சிங்கவால் குரங்கையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். எஸ்டேட்டுகளின் விளையாட்டு மைதானங்களை அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. மலைநாட்டில் சமதரை அரிது. ஒரு கால்பந்தாட்டத்துக்குப் போதுமான சமதரையை வெட்டித் திருத்திவிட்டால், அதன் ஒருபுறமோ இருபுறமோ சரிவு தானே எழுந்து நிற்கும். அச்சரிவுதான் எம் ஊரார்க்கு இயற்கை அளித்த பார்வையாளர் மாடம்.

அம்மாடத்தில் யாரும் உட்காருவதில்லை. மழை நனைத்த புல்லில் அட்டைகள் காத்திருக்கும் என்பது வெளிப்படையான காரணம். ஆகவே மூன்று தலைமுறைகளாக எம் மக்கள் நின்றே ஆட்டம் பார்த்துவருகின்றனர். நின்று பார்ப்பதற்கென்று எழுதப்படாத சில முறைகளும் அங்கு உண்டு. சிறுவர் முன்னே நிற்பர். நெடியவர் பின்னே செல்வர். தூறல் விழுந்தால் முன்வரிசையில் குடை விரிப்பதில்லை. பின்னால் நிற்பவர்க்கு மறைக்குமே என்று சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் இட்டுக்கொள்வர். கோட்டுக்கு உள்ளே காலை நீட்டினால், நடுவர் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் நிற்பவர் தோளைப் பிடித்துப் பின்னிழுப்பார்.

நின்று பார்க்கும் கூட்டத்தின் இந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது? மேலிருந்தவர் கற்பித்ததா, நின்றவர் தாமே கண்டதா? இவ்வினாவோடு உலகைச் சற்றே சுற்றிவர எண்ணுகிறோம். நின்று பார்ப்போரின் ஒழுக்கத்தைத் தன் அணிகலனாகவே கூறிக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உண்டு. அது ரக்பி. அதனை நம் நாட்டு வாசகர்கள் தொலைக்காட்சியில் எப்போதாவது கண்டிருக்கலாம். ஆயினும் அதன் வரலாற்றின் ஓர் இழை கல்கத்தாவிலும், மற்றோர் இழை தேயிலை மலைகளிலும் முடிச்சிடப்பட்டுள்ளது.

கூச்சலிட்டவர்க்கு எதிராகத் தீர்ப்பு

1871ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் எடின்பரோ நகரின் ரேபர்ன் பிளேஸ் என்னும் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. ரக்பி வரலாற்றில் நாடுகளுக்கிடையே நிகழ்ந்த முதல் ஆட்டம் அது. அணிக்கு இருபதுபேர். ஏறத்தாழ 4,000 பேர் திடலைச் சுற்றிக் கூடியிருந்தனர். இன்று எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பது 'டிரை' எனப்படுகிறது. அதற்கு 5 புள்ளிகள். அக்காலத்தில் அச்செயலுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்கும் ஒரு வாய்ப்பை, ஒரு முயற்சியை மட்டுமே அது ஈட்டித்தந்தது. 'முயற்சி' என்று பொருள்படும் அச்சொல்லே பின்னர் புள்ளிக்கும் பெயராகி நிலைத்தது. சொல் நிற்கப் பொருள் மாறும் இவ்வியல்பைத் தமிழ் மாணவர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அன்றைய ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வென்றது. ஆனால் அவர்கள் ஈட்டிய ஒரு 'டிரை' முறையானதுதானா என்பதில் பெரும் வழக்கு எழுந்தது. நடுவராக இருந்தவர் ஹெலி ஹட்சின்சன் ஆல்மண்ட் என்னும் பள்ளித் தலைமையாசிரியர். பிற்காலத்தில் அவர் அந்நிகழ்வைப் பற்றி எழுதுகையில், நடுவருக்கு ஐயம் எழும்போது எந்த அணி மிகுதியாகக் கூச்சலிடுகிறதோ அதற்கு எதிராகத் தீர்ப்பளிப்பது தகும் என்றும், அவர்களே பெரும்பாலும் தவறிழைத்தவராக இருப்பர் என்றும் கருத்துரைத்தார். பள்ளிக்கூடத்து மனப்பான்மை இதில் தெளிவாகவே தெரிகிறது. அடக்கமாக இருப்பவனே நல்ல மாணவன், கூச்சலிடுபவன் குற்றவாளி. ரக்பியின் ஒழுக்கநெறி இங்கிலாந்தின் செல்வர் பள்ளிகளில் பிறந்தது என்பதை மறவாமல் மேற்செல்வோம்.

அந்நெறியின் பின்வந்த வடிவத்தைச் சுருக்கிச் சொல்வதானால், எதிரணியின் ஆதரவாளர்களுக்குத் தனி அடைப்பு வைப்பதில்லை. இருதரப்பாரும் கலந்து, தோளோடு தோள் உரச நிற்பர். நடுவரின் சொல்லே முடிவு. எதிரணியாயினும் நல்ல ஆட்டத்துக்குக் கைதட்டுவர். ஆட்டம் முடிந்ததும் வென்ற அணி இருவரிசையாய் நின்று தோற்ற அணியைக் கைதட்டி வழியனுப்பும். இவை எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது உதையின்போது காக்கப்படும் மௌனம். கோலை நோக்கி உதைப்பவன் பந்தை நிறுத்திப் பின்னடி எடுத்துவைக்கும்போது திடல் முழுதும் அடங்கிவிடும். அயர்லாந்தின் லிமெரிக் நகரிலுள்ள தோமண்ட் பார்க் இம்மௌனத்துக்குப் பேர்போனது. 1978 அக்டோபர் 31 அன்று மன்ஸ்டர் அணி, நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியை 12-0 என்று வென்ற திடல் அது. உதைப்பவன் தம் பகைவனாயினும் அங்கு மௌனம் மாறுவதில்லை. பகைவனுக்குக் கொடுக்கும் மௌனம் கைதட்டலைவிட அரிய கொடை என்று எமக்குத் தோன்றுகிறது.

உருக்கப்பட்ட வெள்ளி ரூபாய்கள்

நிற்க. இவ்விளையாட்டு நம் மண்ணில் கால்வைத்த கதையைக் காண்போம்.

1872ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. ஒருபுறம் இங்கிலாந்தார் இருபதுபேர். மறுபுறம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார் இருபதுபேர். ஆர்வம் பொங்கவே, 1873 சனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் தோன்றியது. ஆனால் வங்கத்து வெயில் இவ்விளையாட்டுக்கு உகந்ததாக இல்லை. போலோவும் டென்னிசும் ஆட்களை இழுத்தன. கிளப்பில் இலவச மது நிறுத்தப்பட்டதும் உறுப்பினர் குறைந்தனர் என்பது அவர்களே ஒப்புக்கொண்ட செய்தி. சில ஆண்டுகளுக்குள் கிளப் கலைந்தது.

கலைந்தபோது அவர்கள் செய்தது நினைக்கத்தக்கது. வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை வடித்து, இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்கு அளித்தனர். அக்கோப்பையின் மூன்று கைப்பிடிகளும் மூன்று நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆண்டு ஆட்டத்தின் பரிசு இந்தக் 'கல்கத்தா கோப்பை'தான். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் கூடி ஆர்ப்பரிப்பது நம் நாட்டு நாணயத்தை உருக்கிய வெள்ளிக்காக என்பதை எத்தனைபேர் அறிவர்?

இக்கதையை நாம் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஒருமுறை எஸ்டேட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருவர், "ஐயா, அந்த ஆட்டத்த அன்னைக்கு நம்மாளுங்க யாரும் நின்னு பாத்திருப்பாங்களா?" என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் ஆடியவரின் தொகையும் நாட்டு வழியும் பதிவான வரலாற்றில், திடலின் ஓரத்தில் நின்ற பல்லக்குத் தூக்கியும் தண்ணீர் சுமந்தவனும் பதிவாகவில்லை. நின்று பார்ப்போரின் வரலாற்றை எழுத முற்படுபவர் முதலில் எதிர்கொள்வது இவ்வெறுமையையே.

தேயிலை மலையில் முட்டைப் பந்து

கல்கத்தாவில் வேர்பிடிக்காத செடி இலங்கையின் மலைகளில் தழைத்தது. 1879இல் கொழும்பு ஃபுட்பால் கிளப் தோன்றியது. 1908இல் இலங்கை ரக்பி சங்கம் அமைந்தது. கண்டியின் கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891இலேயே இவ்வாட்டம் மாணவர்க்கு அறிமுகமாயிற்று. அக்கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் 1906இல் ஆடியது அந்நாட்டின் முதல் பள்ளிப் போட்டியாகும். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டியும் 1945 முதல் 'பிராட்பி கேடயம்' என்னும் பரிசுக்காக ஆண்டுதோறும் இரு ஆட்டங்கள் ஆடுகின்றன. ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். இன்றும் அந்நாளில் பழைய மாணவர் பேரன்மாரோடு வந்து கூடுவர் என்பதை இலங்கை நண்பர்கள் வாயிலாக அறிகிறோம்.

எம் கருத்தை ஈர்ப்பது பள்ளிகளைக் காட்டிலும் தோட்டங்களே. திம்புள்ளை, டிக்கோயா, ஊவா முதலிய மலைப்பகுதிகளில் வெள்ளைத் தோட்டத்துரைமார் தமக்கெனக் கிளப்புகள் அமைத்து ரக்பி ஆடினர். தலவாக்கலைக்கு அருகே ராதெல்ல என்னுமிடத்திலும், டிக்கோயாப் பக்கம் டரவெல்ல என்னுமிடத்திலும் உள்ள மைதானங்கள் தேயிலைச் செடிகள் சூழ அமைந்தவை. அத்தேயிலையைக் கொய்தவர்கள் நம் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து சென்றவர்களும் அவர்தம் வழியினரும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தோர்க்கு அவ்வாழ்வை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்க்கு வாழ்வளிக்கவே நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் துணைநின்றன. எம் ஊரில் அவ்வாறு வந்து குடியேறிய முதியவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் சிறுவராக இருந்தபோது துரைமார் ரக்பி ஆடுவதைத் தொலைவிலிருந்து கண்டவர். நாம் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டபோது அவர் கூறியது இது:

"கோழிமுட்டை மாதிரிப் பந்து தம்பி. கையில தூக்கிக்கிட்டு ஓடுவானுங்க. ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவான். நாங்க தேயிலைக்குள்ள நின்னு பாப்போம். சத்தம் போடக்கூடாது. சத்தம் போட்டா அப்பாவுக்கு மறுநாள் பெரட்டுல பேச்சு விழும்."

ரக்பியின் புகழ்பெற்ற மௌனம் இங்கு வேறொரு முகம் காட்டுகிறது. தோமண்ட் பார்க்கில் நிற்பவர் தம் விருப்பத்தால் மௌனம் காத்தனர். தேயிலைக்குள் நின்ற சிறுவனோ அச்சத்தால் வாய்மூடினான். வெளியிலிருந்து கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றே. ஒழுக்கம் என்றும் மரியாதை என்றும் துரைமார் அதற்குப் பெயரிட்டிருக்கவும் கூடும்.

முதியவர் சொன்ன 'பெரட்டு' என்னும் சொல்லையும் சற்றே நோக்க வேண்டும். ஆங்கிலேயரின் படைத்துறைச் சொல் ஒன்று மலைத்தோட்டத்துத் தமிழர் வாயில் திரிந்து பெரட்டு ஆயிற்று. விடியலில் தொழிலாளர் வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, வேலை பிரித்துப் பெறும் இடம் அது. பி.எச்.டேனியல் என்னும் மருத்துவர் வால்பாறைத் தேயிலைத் தோட்ட வாழ்வை வைத்து 1969இல் எழுதிய ஆங்கில நாவல் 'ரெட் டீ', அதனை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அந்நாவலை வாசிப்போர், எம் முன்னோர் நாள்முழுதும் நின்றே தீர்த்தவர் என்பதை உணர்வர். கொளுந்தை நின்று எடுத்தனர், எடைக்கு நின்றனர், துரை வரும்போது ஒதுங்கி நின்றனர். அத்தகையோர் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் சரிவில் வந்து மீண்டும் நின்றபோது, அந்நிற்றல் முன்னைய நிற்றலினின்றும் வேறானது. யாரும் நிறுத்தாமல் தாமே தேர்ந்த இடத்தில் நின்றனர். விரும்பினால் கூவினர், விரும்பினால் வாளாவிருந்தனர். நிற்கும் நெறியை அவர்களே வகுத்தனர் என்று நாம் கருதுவதற்கு இவ்வேறுபாடே அடிப்படை.

ஓரத்தில் நின்றவரின் எதிர்க்குரல்

ஒழுக்கநெறி யாருக்காக என்னும் வினா ரக்பியின் தாயகத்திலேயே எழுந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர், லங்காஷயர் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டனர். ஆடுவதற்காக வேலையை விட்டுவந்தால் அரைநாள் கூலி போயிற்று. அவ்விழப்பை ஈடுசெய்யுமாறு வடபகுதிக் கிளப்புகள் கேட்டன. பணம் பெற்று ஆடுவது கனவான்களுக்கு அழகன்று என்று சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய அக்கிளப்புகள் தனிச் சங்கம் கண்டன. இன்று 'ரக்பி லீக்' எனப்படும் பிரிவு அதிலிருந்து வளர்ந்ததே. தாய்ச்சங்கம் பணம் பெற்று ஆடுவதை ஏற்றுக்கொள்ள நூறாண்டு பிடித்தது, 1995இல்தான் ஏற்றது. பஞ்சாலைச் சங்கொலியில் வளர்ந்த கோவை வாசகர்க்கு, அரைநாள் கூலி என்பது விளையாட்டுப் பேச்சன்று என்பது எளிதில் விளங்கும்.

இதனினும் கூர்மையான நிகழ்வு தென்னாப்பிரிக்காவில் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் அந்நாடு தமிழர்க்கும் உரியது. நிறவெறி ஆட்சியில் ரக்பித் திடல்களில் வெள்ளையரல்லாதார்க்குத் தனி அடைப்புகள் ஒதுக்கப்பட்டன. கேப்டவுனின் நியூலாண்ட்ஸ் திடலில் அவ்வடைப்பில் கூடியவர்கள் ஒரு வழக்கம் கொண்டிருந்தனர். தம் நாட்டு அணி ஆடும்போது அவர்கள் எதிரணிக்கே ஆர்ப்பரிப்பர். பிரிட்டனிலிருந்து வந்தாலும், நியூசிலாந்திலிருந்து வந்தாலும், வந்தவர் வெல்ல வேண்டும் என்று குரலெழுப்புவர். சொந்த அணியில் தம் நிறத்தவர்க்கு இடமில்லாதபோது அது எப்படிச் சொந்த அணியாகும்?

எதிரணியைப் பாராட்டுக என்னும் ரக்பி நெறியை அவர்கள் சொல்லளவில் மீறவேயில்லை. அதனையே எதிர்ப்பின் கருவியாக்கினர். இலக்கியத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்போமே, அதன் திடல் வடிவம் இது. பின்னர் 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் உலகக்கோப்பை இறுதியாட்டம் நடந்தபோது, அதே அணியின் பச்சைச் சட்டையை 6ஆம் எண்ணோடு அணிந்து நெல்சன் மண்டேலா களம் வந்தார். அவரைச் சிறைப்படுத்திய இனத்தார் நிறைந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. தென்னாப்பிரிக்கா 15-12 என்று வென்றது. நெறி மீறியவர், நெறி காத்தவர் என்று எளிதில் பிரித்துவிட இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

குற்றம் நின்றவர்மீதா?

நின்று பார்ப்பதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1975 மார்ச் 1 அன்று எடின்பரோவின் மரேஃபீல்டு திடலில் ஸ்காட்லாந்து–வேல்ஸ் ரக்பி ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 1,04,000 பேர் வந்தனர். பெரும்பாலோர் நின்றனர். பேரிழப்பு நேரவில்லை, ஆயினும் நிலைமையை உணர்ந்து அதன்பின் முன்கூட்டியே சீட்டு பெற்றவர்க்கு மட்டும் அனுமதி என்று முறைவகுத்தனர். கால்பந்துக்கு அந்நல்லூழ் வாய்க்கவில்லை. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் திடலில் 66 பேர் இறந்தனர். 1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில், மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது 16 பேர் மாண்டனர்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ திடலில், நிற்குமிடத்து அடைப்புக்குள் நெரிசலில் சிக்குண்டு மாண்டோர் தொகை 97. நின்றவர் குடித்திருந்தனர், முறைகேடாக நடந்தனர் என்று உடனே பழி கூறப்பட்டது. நாளேடுகளும் அதனைப் பரப்பின. மாண்டோரின் குடும்பத்தார் 27 ஆண்டுகள் போராடினர். 2016இல் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு, இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளர்களின் நடத்தை அப்பேரிடருக்குக் காரணமன்று என்றும் முடிவு கூறியது. கூட்டத்தை வழிநடத்திய காவல்துறையின் பிழைகளே முதன்மையாயின.

1990இல் டெய்லர் அறிக்கையின் விளைவாகப் பெரிய கால்பந்துத் திடல்களில் நிற்குமிடங்கள் எடுக்கப்பட்டு எங்கும் இருக்கைகள் வந்தன. இவ்விதி ரக்பியைக் கட்டுப்படுத்தவில்லை. குளோஸ்டர் நகரின் கிங்ஸ்ஹோம் திடலில் 'ஷெட்' என்று அன்போடு அழைக்கப்படும் தகரக்கூரையிட்ட நிற்குமிடம் தொடர்ந்து முழங்கியது. 2022 சனவரியில் இங்கிலாந்தின் சில கால்பந்துத் திடல்களும், ஒவ்வொருவர்க்கும் முன் கம்பியிட்ட பாதுகாப்பான முறையில், நின்று பார்க்க மீண்டும் இடமளித்தன. நிற்பதில் கேடில்லை, நிற்பவர்க்கு வழியும் வெளியும் அமைக்காததில்தான் கேடு என்பதை முப்பதாண்டுகள் கழித்து ஒப்பினர் போலும்.

இச்செய்திகள் நமக்குத் தொலைவானவை அல்ல. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயிலில், கிரிக்கெட் வெற்றி விழாவுக்குக் கூடியவர்களில் 11 பேர் நெரிசலில் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று நம் கொங்கு நாட்டின் கரூரில், அரசியல் கூட்டமொன்றில் 41 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அவ்வாரத்தில் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் நாம் மிகுதியாகக் கேட்ட சொற்றொடர், "ஏன் போனாங்க? அறிவு வேண்டாமா?" என்பதே. அதைக் கேட்டபோதெல்லாம் ஹில்ஸ்பரோவின் தாய்மார் எம் நினைவுக்கு வந்தனர். நின்றவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை, நிற்க இடம் அமைத்துக் கொடுத்த பிறகே எவர்க்கும் வாய்க்கும்.

முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் களத்தைக் காண ஆயமகளிர் பரண்மீது நிற்கின்றனர். பார்ப்பவர்க்கென உயர்ந்த இடம் அமைக்க வேண்டும் என்னும் அறிவு அன்றே இருந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ரேக்ளா பந்தயம் நடக்கும்போது பாதையின் இருமருங்கும் மக்கள் நிற்பர். காளை வரும் நேரத்தில் துண்டை வீசக்கூடாது, குறுக்கே ஓடக்கூடாது என்று அப்பன் மகனுக்குச் சொல்லித்தருவான். அங்கு நெறி என்பது அழகுக்கன்று, உயிருக்கு.

எழுந்து நின்ற சேப்பாக்கம்

எம் சொந்தக் குற்றம் ஒன்றையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்வோம். நமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எஸ்டேட்டுகளுக்கிடையிலான கால்பந்து ஆட்டம். எதிர் எஸ்டேட்டின் கோல்காப்பாளர் ஒரு பந்தைக் கைநழுவ விட்டார். நாமும் தோழர்களும் கூச்சலிட்டு, அவர் பெற்றோரையும் இழுத்து ஏசினோம். அருகில் கொங்காடையோடு நின்ற முதியவர் எம் தோளில் கைவைத்தார். "ஏ தம்பி, நாளைக்கு உங்கப்பனும் அவனும் ஒரே லாரியிலதான் வேலைக்குப் போவாங்க. அவன் மொகத்த எப்படிப் பாப்ப?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் அதன்பின் வாய்திறக்கவில்லை.

ரக்பியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதெல்லாம் இம்முதியவரே எம்முன் வந்து நின்றார். அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவரல்லர்; பெரட்டில் நின்று வளர்ந்தவர். எதிரணியென்று ஒன்று மைதானத்தில் மட்டுமே உண்டு, திங்கட்கிழமை எல்லாரும் ஒரே மலையில் கொளுந்து எடுப்பவர் என்பதே அவர் கண்ட நெறி. பிரிட்டனின் பழைய நிற்குமிடங்களில், நெரிசல் மிகும்போது சிறுவரைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. முன்பின் அறியாதவர் கைகளில் தன் பிள்ளையை ஒப்படைத்தான் தந்தை. எம் சரிவில் சிறுவர்க்கு முன்னிடம் விட்ட கைகளும் அக்கைகளும் ஒரே வகையின. இரண்டையும் எந்தத் துரையும் கற்பிக்கவில்லை.

இறுதியாக ஒரு நினைவு. 1999 சனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் டெஸ்ட் ஆட்டத்தை இழந்தது. டெண்டுல்கர் 136 ஓட்டம் எடுத்தும் பயனில்லாது போயிற்று. அரங்கம் சில கணங்கள் உறைந்தது. பிறகு, வென்ற பாகிஸ்தான் அணி திடலைச் சுற்றி வலம்வந்தபோது, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அங்கு இருக்கைகள் இருந்தன. அவர்கள் நிற்கவேண்டிய தேவையே இல்லை. எஸ்டேட்டின் ஒரு வீட்டில் பலரோடு நெருங்கி நின்று தொலைக்காட்சியில் அதனைக் கண்டபோது, எமக்குப் பக்கத்தில் நின்றவர்களும் தம்மையறியாமல் கைதட்டியது இன்றும் செவியில் ஒலிக்கிறது.

பெரட்டில் நிற்பது பணிவு. சரிவில் நிற்பது உரிமை. சேப்பாக்கத்தில் எழுந்து நின்றது பெருமை. மூன்றுக்கும் நம் மொழியில் ஒரே வினைச்சொல். 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் என்னும் அணி கோப்பை வென்றது. என்றேனும் அவ்வாட்டம் நம் மலைக்கும் வரலாம். வந்தால் எம் ஊர்ச் சரிவில் நிற்பவர்க்குப் புதிதாய்க் கற்பிக்க வேண்டியது மிகுதியில்லை. உதைக்கும்போது சற்றே வாய்மூடுமாறு சொன்னால் போதும். அதற்கு முன், மழையில் சரிந்துகிடக்கும் அச்சரிவுக்கு நாலு படிக்கட்டும் ஒரு கைப்பிடிக் கம்பியும் அமைத்துக்கொடுப்போம். நண்பர்கள் தத்தம் ஊர்களில் நின்று பார்த்த களங்களின் வழக்கங்களை எழுதினால், இக்கட்டுரை தொடங்கிய தேடலை அனைவரும் சேர்ந்து தொடரலாம்.